மிசோரம்: இருபது ஆண்டுப் போருக்குப் பின் பழங்குடிகளிடையே அமைதி

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மியான்மருக்கும் வங்கதேசத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் மலை மாநிலம் மிசோரம். இதன் பரப்பு 21,081 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 11 லட்சம். அதே கணக்கெடுப்பில் அன்றைய பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் பேர் இருந்தனர். இவ்வளவு சிறிய மாநிலத்தில் 1966 முதல் 1986 வரை இந்திய அரசை எதிர்த்து ஆயுதப் போர் நடந்தது. அந்தக் காலத்தை மிசோக்கள் ‘ராம்புவாய்’ என்று அழைக்கின்றனர். நாடு கலங்கிக் கிடந்த காலம் என்பது அதன் பொருள்.

இன்று வடகிழக்கில் அமைதியான மாநிலம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் மிசோரத்தைத்தான் சொல்வர். இதற்குக் காரணம் 1986-ஆம் ஆண்டு உடன்படிக்கை என்று பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மை. வடகிழக்கில் கையெழுத்தான உடன்படிக்கைகள் பல. அவற்றுள் நிலைத்தவை சில. மிசோரத்தில் அமைதி நிலைத்ததற்கு, கையெழுத்துக்குப் பின் இரு தரப்பும் விட்டுக்கொடுத்தவையே முதன்மைக் காரணம். அந்த அமைதியில் இடம் கிடைக்காமல் போன இனங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

மலையில் வாழும் மக்கள்

‘மி’ என்றால் மனிதர். ‘சோ’ என்றால் உயர்ந்த மலைப்பகுதி. மிசோ என்பது ஒரே குலத்தின் பெயர் அன்று. லுசெய், ரால்தே, ஹ்மார், பைத்தே, லாய், மாரா எனப் பல குழுக்களைத் தழுவி நிற்கும் பொதுப்பெயர். இவர்களுக்குத் தனித்தனிப் பேச்சுமொழிகள் இருந்தன. லுசெய் மக்களின் பேச்சே காலப்போக்கில் பொதுமொழியாகி, இன்று மிசோ மொழி எனப்படுகிறது.

பொதுமொழிக்கு எழுத்து வந்ததில் கிறித்தவ மறைப்பணியாளர்களின் பங்கு பெரிது. 1894 சனவரியில் லொரைன், சாவிட்ஜ் என்னும் இருவர் ஆற்று வழியாகச் சைராங் வந்து சேர்ந்து, ரோமன் எழுத்துகளைக் கொண்டு மிசோ மொழிக்கு அகரவரிசை வகுத்தனர். ஐம்பது ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மிசோக்கள் கிறித்தவர் ஆயினர். ஒரே எழுத்தும் ஒரே திருமறையும் ஒரே பாட்டுப் புத்தகமும் பல குலங்களை ஒரு மக்களாகப் பிணைத்தன.

இந்தப் பிணைப்புக்குள் வராதவர்களும் அதே மலைகளில் இருந்தனர். மேற்கு எல்லையோரம் வாழும் சக்மாக்கள் பௌத்தர்கள். ப்ரூ அல்லது ரியாங் எனப்படும் மக்கள் தனி மொழி பேசுவோர். அவர்களில் பலர் இந்துக்கள். இவர்களின் கதை பிற்பகுதியில் வருகிறது.

மூங்கில் பூத்த ஆண்டு

இந்திய விடுதலைக்குப் பின் இப்பகுதி அசாம் மாநிலத்தின் ஒரு மாவட்டமாக இருந்தது. 1952-இல் அரசமைப்பின் ஆறாம் அட்டவணைப்படி தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் அமைந்தது. ஊர்த் தலைவர்களின் பரம்பரை உரிமை 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் லூசாய் மலை மாவட்டம் என்ற பழைய பெயரும் மிசோ மாவட்டம் என்று மாறியது. மக்கள் இவற்றை வரவேற்றனர். இந்தியாவோடு பிணக்கு அதுவரை பெரிதாக இல்லை.

பிறகு மூங்கில் பூத்தது. மிசோ மலைகளை மூடியிருக்கும் ஒரு வகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்த்து மடியும். அதன் காய்களைத் தின்று எலிகள் கணக்கின்றிப் பெருகும். காய் தீர்ந்ததும் அவை நெல் வயல்களிலும் குதிர்களிலும் புகும். எலி தின்றது போக மனிதருக்கு மிஞ்சுவது இல்லை. இந்தப் பஞ்சத்துக்கு ‘மௌதாம்’ என்று பெயர். மூங்கில் சாவு என்பது பொருள். 1911-12-இல் வந்தது. அடுத்தது 1959-ஐ ஒட்டி வரும் என்று முதியவர்கள் நாள் எண்ணி வைத்திருந்தனர். மாவட்டக் கவுன்சிலும் முன்கூட்டியே அசாம் அரசை எச்சரித்து நிதி கேட்டது. அதை மூடநம்பிக்கை என்று எண்ணி மேலிடம் அசட்டையாக இருந்துவிட்டது என்பதே மிசோக்கள் இன்றும் சொல்லும் குறை.

பஞ்சம் சொன்னபடி வந்தது. இராணுவத்தில் பணியாற்றிவிட்டு மாவட்டக் கவுன்சிலில் கணக்கு எழுத்தராக இருந்த லால்டெங்கா என்பவர், ஊர் ஊராக அரிசி கொண்டு சேர்க்க ‘மிசோ தேசியப் பஞ்ச நிவாரண முன்னணி’யை நடத்தினார். அசாமிய மொழியை மாநில ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1960-இல் வந்தபோது மனக்கசப்பு மேலும் வளர்ந்தது. 1961 அக்டோபரில் அமைப்பின் பெயரிலிருந்து ‘பஞ்சம்’ என்ற சொல் நீக்கப்பட்டது. மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் கட்சி பிறந்தது. அதன் கோரிக்கை தனி நாடு.

1966

1966 பிப்ரவரி 28 நள்ளிரவை ஒட்டி முன்னணியினர் பல ஊர்களில் ஒரே நேரத்தில் தாக்குதல் தொடங்கினர். லுங்லெய் நகரம் அவர்கள் கைக்கு வந்தது. ஐஸ்வாலில் அசாம் ரைபிள்ஸ் முகாம் முற்றுகையிடப்பட்டது. மார்ச் 1 அன்று தனி நாட்டு அறிவிப்பு வெளியானது. மார்ச் 5 அன்று இந்திய விமானப்படை விமானங்கள் ஐஸ்வால் மீது குண்டு வீசின. இந்திய அரசு தன் சொந்த மண்ணில் ஒரு நகரத்தின் மீது விமானக் குண்டு வீசியது இந்த ஒருமுறைதான். வீரர்களையும் பொருள்களையும் இறக்கவே விமானங்கள் சென்றன என்றுதான் அரசுத் தரப்பில் அப்போது சொல்லப்பட்டது. மிசோக்கள் ஆண்டுதோறும் மார்ச் 5-ஐ நினைவுநாளாகக் கடைப்பிடிக்கின்றனர்.

மார்ச் இறுதிக்குள் நகரங்கள் இராணுவத்தின் கைக்குத் திரும்பின. முன்னணியினர் காட்டுக்குள்ளும், அப்போதைய கிழக்கு பாகிஸ்தானுக்குள்ளும் சென்று கெரில்லாப் போரைத் தொடர்ந்தனர்.

ஊர்களை ஒன்றாகக் குவித்தல்

குண்டுவீச்சு சில நாள்களில் முடிந்தது. அதைவிட ஆழமான காயம் 1967 சனவரியில் தொடங்கியது. கெரில்லாக்களுக்குச் சோறு போடும் ஊர்களே இல்லாமல் செய்துவிட்டால் போர் ஓய்ந்துவிடும் என்ற கணக்கில், சிதறிக் கிடந்த மலையூர்கள் காலி செய்யப்பட்டன. மக்கள் சாலையோரம் வேலியிட்ட மையங்களில் குடியேற்றப்பட்டனர். ‘பாதுகாக்கப்பட்ட, முன்னேற்றமான கிராமங்கள்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்தனர். 1950-களில் மலாயாவில் பிரிட்டிஷார் கையாண்ட முறை இது. அங்கே வேலிக்குள் அடைபட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டத்து லயன்களில் இருந்த தமிழர்களும் அந்த வேலிகளைக் கண்டவர்களே.

மாவட்டத்தில் இருந்த ஊர்கள் 764. அவற்றில் 516 ஊர்கள் காலி செய்யப்பட்டு 110 மையங்களில் அடைக்கப்பட்டன. தொடப்படாமல் தப்பியவை 138. மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் வீட்டை இழந்தனர்.

இந்த எண்களைத் தமிழ்நாட்டு மாணவர் உணர ஒரு வழி உண்டு. காஞ்சிபுரத்தை ஒட்டிப் பாலாற்றங்கரையில் இருக்கும் செவிலிமேடு, ஓரிக்கை, தேனம்பாக்கம், களக்காட்டூர் ஆகிய ஊர்க்காரர்கள் சில மணி நேரத்தில் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும், விட்டுச்செல்லும் வீடுகள் எரிக்கப்படும், இனி எல்லோரும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரே கொட்டகை வரிசையில் அடையாள அட்டையோடு வாழ வேண்டும் என்று உத்தரவு வந்தால் எப்படி இருக்கும்? தரையில் பள்ளம் வெட்டிப் பொருத்திய குழித்தறியை நெசவாளர் தலையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. மிசோ உழவரின் ‘ஜூம்’ வயலும் அப்படிப்பட்டதே. காட்டை வெட்டி, எரித்து, சரிவில் விதைத்து, சில ஆண்டுகளில் அடுத்த சரிவுக்கு நகரும் சாகுபடி அது. வயல் ஊரிலிருந்து தொலைவில் இருக்கும். அறுவடைக் காலத்தில் வயலிலேயே குடிசை போட்டுத் தங்க வேண்டும். மாலையில் ஊரடங்கு, காலையில் ஆள் கணக்கு என்று வைத்தால் அந்தச் சாகுபடி செத்துவிடும். செத்தது. தானியத்தைத் தானே விளைத்துத் தின்ற மக்கள் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்றனர்.

இதன் தடம் இன்றும் மறையவில்லை. 2011-இல் மிசோரம் மக்களில் 52 விழுக்காட்டினர் நகரவாசிகள். தொழில் வளம் மிக்க தமிழ்நாட்டில் அது 48 விழுக்காடுதான். மிசோரத்தில் நகரங்களை வளர்க்கப் பெரிய ஆலைகள் ஏதும் இல்லை. வீடு எரிந்த மக்களில் பெரும்பகுதியினர் சாலையோரத்திலேயே தங்கிவிட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உடன்படிக்கை வரை

1971-இல் வங்கதேசம் பிறந்ததும் முன்னணியினர் தம் புகலிடத்தை இழந்தனர். 1972 சனவரி 21 அன்று மிசோரம் அசாமிலிருந்து பிரிந்து ஒன்றியப் பகுதி ஆனது. 1976 சூலையில் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது, ஆனால் நிலைக்கவில்லை. இடையே கொலைகளும் தேடுதல் வேட்டைகளும் தொடர்ந்தன. இரு தரப்புக்கும் நடுவே நசுங்கியவர்கள் பொதுமக்கள். இரவில் முன்னணியினருக்குச் சோறு போட்டவரைப் பகலில் இராணுவம் விசாரித்தது. இராணுவத்தோடு பேசியவரை ஒற்றர் என்று முன்னணி தண்டித்தது.

இந்தச் சூழலில் இரு தரப்பாரிடமும் போய்ப் பேசக்கூடிய மனிதர்கள் திருச்சபைகளில்தான் இருந்தனர். பிரெஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் சபைகளின் போதகர்கள் வன்முறையைக் கண்டித்தனர்; அதே வாயால் படையினரின் அத்துமீறல்களையும் கண்டித்தனர். ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியான பிரிகேடியர் சைலோ 1974-இல் மனித உரிமைக் குழு ஒன்றைத் தொடங்கி மக்களின் முறையீடுகளைத் திரட்டினார். பின்னர் தேர்தலில் வென்று முதலமைச்சரும் ஆனார். குறைகளைச் சொல்லத் துப்பாக்கி அல்லாத வேறு வழியும் உண்டு என்று மக்களுக்குக் காட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய பெயர் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

1986 சூன் 30 அன்று புதுதில்லியில் உடன்படிக்கை கையெழுத்தானது. முன்னணியின் சார்பில் லால்டெங்காவும், இந்திய அரசின் சார்பில் உள்துறைச் செயலர் ஆர்.டி. பிரதானும், மிசோரம் அரசின் சார்பில் தலைமைச் செயலர் லால்காமாவும் ஒப்பமிட்டனர். பிரதான் பணி ஓய்வு பெறும் நாள் அது.

முன்னணி தனிநாட்டுக் கோரிக்கையையும் ஆயுதங்களையும் கைவிட்டது. அண்டை மாநிலக் கிளர்ச்சிக் குழுக்களுக்கு உதவுவதில்லை என்றும் உறுதி கூறியது. மத்திய அரசு மிசோரத்துக்கு முழு மாநிலத் தகுதி தர ஒப்புக்கொண்டது. அதற்காக அரசமைப்பில் 53-ஆம் திருத்தத்தின் வழியே 371-ஜி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மிசோக்களின் சமய, சமூக வழக்கங்கள், வழக்காற்றுச் சட்டம், அச்சட்டத்தின்படி நடக்கும் வழக்கு விசாரணை, நில உடைமை, நில மாற்றம் ஆகியவை பற்றி நாடாளுமன்றம் இயற்றும் சட்டம், மாநிலச் சட்டப்பேரவை ஏற்றால்தான் அங்கே செல்லும் என்கிறது அப்பிரிவு. 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் இந்தியாவின் 23-ஆவது மாநிலம் ஆனது.

நாகர்களோடு 1975-இல் கையெழுத்தான ஷில்லாங் உடன்பாட்டோடு இதை ஒப்பிட வேண்டும். அங்கே ஒப்பமிட்டவர்களை இயக்கத்தின் ஒரு பகுதியினர் தம் சார்பாளர்களாகவே ஏற்கவில்லை. இயக்கம் உடைந்தது. புதிய ஆயுதக் குழு பிறந்தது. நாகர் சிக்கலுக்கு இறுதித் தீர்வு இன்னும் எட்டப்படவில்லை. மிசோரத்தில் போரிட்டது பெரும்பாலும் ஒரே அமைப்பு. காட்டிலிருந்து ஆட்களை இறக்கி வரவல்ல தலைவர் தாமே ஒப்பமிட்டார்.

தமிழர் அறிந்த இன்னொரு உடன்படிக்கையும் இதற்கு அடுத்த ஆண்டே வந்தது. 1987 சூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பமிட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தம் அது. அதில் போரிட்ட தரப்பு ஒப்பமிடவில்லை. இரு அரசுகளே ஒப்பமிட்டன. அதன் பயனாக உருவான மாகாண சபை முறையில், வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததே போர் முடிந்த பிறகு, 2013-இல்தான். மிசோரத்தையும் இலங்கையையும் எல்லா வகையிலும் ஒப்பிட முடியாது. ஆனால் ஒப்பமிட்டவர் யார், எழுதியது எப்போது நடைமுறைக்கு வந்தது என்ற இரண்டு கேள்விகளை எந்த உடன்படிக்கையிடமும் கேட்கலாம்.

நாற்காலியை விட்டவர், தோல்வியை ஏற்றவர்

உடன்படிக்கை கையெழுத்தான நாளில் மிசோரத்தின் முதலமைச்சர் காங்கிரசின் லால் தன்ஹாவ்லா. முறைப்படித் தேர்தலில் வென்று வந்தவர் அவர். 1986 ஆகஸ்டில் அவர் பதவி விலகி, இருபது ஆண்டு காட்டிலும் வெளிநாட்டிலும் இருந்த லால்டெங்காவை முதலமைச்சராக்கி, அவருக்குக் கீழே துணை முதலமைச்சராக அமர்ந்தார். நாற்காலிக்காக எத்தனையோ நடக்கும் நாட்டில் இது சாதாரணச் செய்தி அன்று. 1987 தேர்தலில் 40 இடங்களில் 24-ஐ லால்டெங்காவின் அணி வென்றது.

உண்மையான சோதனை அதற்குப் பின்தான் வந்தது. 1988-இல் லால்டெங்காவின் கட்சியிலிருந்து உறுப்பினர்கள் சிலர் விலகினர். ஆட்சி கவிழ்ந்தது. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1989 சனவரித் தேர்தலில் காங்கிரஸ் வென்றது. லால் தன்ஹாவ்லா மீண்டும் முதலமைச்சர் ஆனார். ஆயுதத்தை விட்டு வந்து மூன்று ஆண்டுகூட ஆகாதவர்களுக்கு அதிகாரம் கையை விட்டுப் போயிற்று. மீண்டும் காட்டுக்குப் போக அவர்களுக்குக் காரணம் இருந்தது, வழியும் தெரியும். அவர்கள் போகவில்லை. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தனர். மிசோரத்தின் அமைதி 1986 சூன் 30-இல் கையெழுத்தானது என்றால், 1989 சனவரியில்தான் உறுதியானது என்று சொல்ல வேண்டும்.

லால்டெங்கா 1990 சூலையில் இலண்டனில் காலமானார். காட்டில் அவருடைய செயலாளராக இருந்த ஜோரம்தங்கா கட்சித் தலைவரானார். அவர் முதலமைச்சரானது 1998-இல். இடைப்பட்ட எட்டு ஆண்டும் அவர் செய்தது கட்சி வேலை. 2008-இல் தோற்றார், 2018-இல் வென்றார், 2023-இல் மீண்டும் தோற்றார். ஒவ்வொரு முறையும் ஆட்சி அமைதியாகவே கைமாறியது.

மூங்கில் மறுபடியும் பூத்தது

ஜோரம்தங்காவின் ஆட்சிக் காலத்திலேயே அடுத்த மௌதாம் வந்தது. பஞ்சத்தால் பிறந்த இயக்கத்தின் தலைவர் இப்போது பஞ்சத்தைச் சமாளிக்க வேண்டிய அரசின் தலைவர். இம்முறை மத்திய அரசும் மாநில அரசும் முன்கூட்டியே திட்டம் வகுத்தன. எலிகளைக் கொன்று வால் கொண்டுவந்து காட்டுவோருக்கு வால் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் தரப்பட்டது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வாலுக்குக் காசு கொடுத்ததன் மூலம், கையில் ஒன்றும் இல்லாத உழவருக்குப் பணமும் போய்ச் சேர்ந்தது. 2006 முதல் 2008 வரை பயிர்ச்சேதம் கடுமையாகவே இருந்தது, மக்கள் துன்பப்பட்டனர். ஆயினும் யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. குறை சொல்லச் சட்டப்பேரவை இருந்தது. 2008 தேர்தலில் அந்த அரசை மக்கள் வீட்டுக்கு அனுப்பினர்.

மற்ற வளர்ச்சிகளைச் சுருக்கமாகக் காணலாம். எழுத்தறிவில் மிசோரம் 2011-இல் 91 விழுக்காடு. ஐஸ்வாலுக்கு அருகே லெங்புய் விமான நிலையம் 1998-இல் இயங்கத் தொடங்கியது. பைராபி முதல் சைராங் வரை 48 சுரங்கங்களைக் குடைந்து போட்ட 51 கி.மீ. ரயில் பாதை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஜூம் சாகுபடியிலிருந்து நிலையான தொழிலுக்கு மாற விரும்பும் குடும்பங்களுக்கு உதவும் ‘புதிய நிலப் பயன்பாட்டுக் கொள்கை’ பல கட்டங்களாக நடந்தது. உதவித்தொகை பெற்றதும் பழைய வேலைக்கே திரும்பியவர்கள் உண்டு. கட்சிக்காரர்களுக்கே முதலில் கிடைத்தது என்ற குற்றச்சாட்டும் உண்டு. ‘புவான்’ என்னும் மிசோத் துணிகள் ஐந்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த அதே வகைப் பாதுகாப்பு. அரசின் வருவாயில் மிகப் பெரும்பகுதி இன்னும் மத்திய நிதியாகவே வருகிறது. சொந்தக் காலில் நிற்கும் பொருளாதாரம் அங்கே உருவாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

காசு செய்யாததைச் சில இடங்களில் சமூகம் செய்தது. 1935-இல் தொடங்கிய இளம் மிசோ சங்கத்துக்கு ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் கிளை உண்டு. ஊரில் ஒருவர் இறந்தால் குழி வெட்டுவதும், இரவெல்லாம் துக்க வீட்டில் உடனிருந்து பாடுவதும் அதன் உறுப்பினர் கடமை. தன்னை விடப் பிறரை முன்னிறுத்தும் இந்தப் பண்புக்கு மிசோ மொழியில் ‘த்லோம்ஙைனா’ என்று பெயர். போர் முடிந்து திரும்பியவரும், எதிர்த்தரப்புக்கு உதவியவர் என்று பேர் எடுத்தவரும் ஒரே ஊரில் வாழ வேண்டியிருந்த காலத்தில் இப்படிப்பட்ட கூட்டுக் கடமைகள் ஒரு பாலமாக இருந்தன.

சிறிய இனங்களின் கேள்வி

மிசோ என்ற பொதுப்பெயர் அமைதிக்கு வலுவாக நின்றது. ஆனால் அதுவே சிலருக்குச் சுவராகவும் ஆனது. ‘மிசோரம்’ என்ற பெயருக்கு மிசோக்களின் நாடு என்று பொருள். மிசோ அல்லாதவருக்கு அங்கே என்ன இடம்? சிறுபான்மையினரின் உரிமைகள் காக்கப்படும் என்று 1986 உடன்படிக்கையே சொல்கிறது. அந்த வாக்குறுதி எல்லோருக்கும் ஒரே மாதிரி நிறைவேறவில்லை.

தெற்கே லாய், மாரா, சக்மா மக்களுக்கு 1972-இலேயே தனித்தனித் தன்னாட்சி மாவட்டக் கவுன்சில்கள் அமைந்துவிட்டன. தொடக்கப்பள்ளி, நிலம், வழக்காறு ஆகியவற்றில் தாமே முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அங்கும் பூசல்கள் வந்தன. சக்மா கவுன்சிலைக் கலைக்க வேண்டும் என்ற குரலும் மிசோ அமைப்புகளிடமிருந்து அவ்வப்போது எழுகிறது. ஆனால் சண்டை கவுன்சில் அறைக்குள்ளும் நீதிமன்றத்திலும் நடக்கிறது.

வடக்கே ஹ்மார் மக்களும் தன்னாட்சி கேட்டனர். மறுக்கப்பட்டதும் சில ஆண்டுகள் ஆயுதம் ஏந்தினர். 1994-இல் ஓர் உடன்பாட்டில் சின்லுங் மலை வளர்ச்சிக் கவுன்சில் என்ற அமைப்பு கிடைத்தது. அதற்குப் போதிய அதிகாரம் இல்லை என்று ஒரு பிரிவினர் மீண்டும் போராடினர். 2018 ஏப்ரலில் அவர்களுடனும் உடன்பாடு ஆனது. போதாத பங்கு கொடுத்ததால் இருபத்து நான்கு ஆண்டு இழுத்த சிக்கல் இது.

ப்ரூ மக்களுக்குப் பங்கு என்று எதுவும் கிடைக்கவில்லை. மேற்கு மிசோரத்தில் தமக்கும் ஒரு தன்னாட்சிக் கவுன்சில் வேண்டும் என்று 1997-இல் அவர்களுடைய அமைப்பு கேட்டது. மிசோ அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. தங்கள் மாநிலம் துண்டாடப்படும் என்ற அச்சம் அவர்களுக்கு. முப்பது ஆண்டு முன் அசாமிடம் மிசோக்கள் கேட்டதும் இதைப் போன்ற ஒன்றைத்தான். கேட்கும் இடத்திலிருந்து கொடுக்கும் இடத்துக்கு மாறியதும் அது மறந்துபோனது. 1997 அக்டோபரில் டம்பா புலிகள் காப்பகத்தில் மிசோ வனக் காவலர் ஒருவரை ப்ரூ ஆயுதக் குழுவினர் கொன்றனர். பழிவாங்கல் தொடங்கியது. ப்ரூ குடியிருப்புகள் தாக்கப்பட்டன; வீடுகள் எரிந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வடக்குத் திரிபுராவின் காஞ்சன்பூர் பகுதிக்கு ஓடினர்.

மூங்கில் கொட்டகை முகாம்களில் அவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 கிராம் அரிசியும் ஐந்து ரூபாயும் அரசு தந்தது. ஆயுதக் குழு 2005-இல் உடன்பாடு செய்து ஆயுதங்களை ஒப்படைத்தது. 2009-இல் திரும்பி அழைத்துவர ஏற்பாடு நடந்தபோது மிசோ இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். மறுபடியும் தீவைப்பு, மறுபடியும் ஓட்டம். அடுத்த ஆண்டுகளில் கட்டம் கட்டமாகச் சில ஆயிரம் பேர் திரும்பினர். மற்றவர்கள் அஞ்சினர். சிதறிய சிற்றூர்களில் ஐந்தாறு குடும்பங்களாகப் போகமாட்டோம், கூட்டமாகக் குடியேற்றுங்கள் என்று கேட்டனர். முன்பு கூட்டமாக அடைக்கப்பட்டதால் நொந்த மக்களிடம், கூட்டமாக இருக்க விடுங்கள் என்று வேறொரு மக்கள் கேட்கும் நிலை வந்தது.

முகாமில் இருந்தாலும் அவர்களுடைய பெயர்கள் மிசோரம் வாக்காளர் பட்டியலில் இருந்தன. முகாமிலேயே அவர்கள் வாக்களிப்பதை மிசோ அமைப்புகள் எதிர்த்தன. மிசோரம் மண்ணுக்கு வந்து வாக்களியுங்கள் என்றன. 2018 சட்டப்பேரவைத் தேர்தலில் எல்லையோரக் கன்மூன் என்னும் ஊரில் அவர்களுக்காகத் தனி வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன. முகாமிலிருந்து வந்து, வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு, முகாமுக்கே திரும்பினர்.

2020 சனவரி 16 அன்று மத்திய அரசு, மிசோரம் அரசு, திரிபுரா அரசு, ப்ரூ அமைப்புகள் ஆகிய நான்கு தரப்பும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டன. ஏறத்தாழ 34,000 பேரைத் திரிபுராவிலேயே நிரந்தரமாகக் குடியமர்த்துவது என்று முடிவானது. ஒதுக்கிய தொகை 600 கோடி ரூபாய். குடும்பத்துக்கு நாற்பதுக்கு முப்பது அடி மனை, வீடு கட்ட ஒன்றரை லட்சம், வைப்புத்தொகை நான்கு லட்சம், இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாயும் இலவச அரிசியும். முகாமில் பிறந்து வளர்ந்து அங்கேயே திருமணம் செய்துகொண்ட ஒரு தலைமுறைக்கு இதனால் முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது. மாமித், கொலாசிப், லுங்லெய் மாவட்டங்களில் ப்ரூ குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. திரிபுராவில் குடியேறியவர்களின் பெயர்கள் மிசோரம் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, திரிபுரா பட்டியலில் சேர்க்கப்பட்டன.